பிளேனர் சீவலுக்கு வீட்டு வேக்குவம் போதுமா?

3 பிப்ரவரி 2024, காலை 9.40: கேள்வி

சிங்கப்பூரில் ஈசூன் பக்கத்தில் ஒரு தரைவீட்டின் பின்கட்டில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் 12.5 அங்குலப் பிளேனர் (பலகையை இழைத்துச் சமமாக்கும் மின் இயந்திரம்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஒரே ஒரு மெராந்திப் பலகையை இழைப்பதற்குள் தரையெல்லாம் சீவல் கணுக்கால் அளவு நிறைந்துவிட்டது. வீட்டில் 36 மில்லிமீட்டர் ஹோஸ் உள்ள வேக்குவம் இருக்கிறது. அதைப் பொருத்தினால் போதும் என்கிறார் விற்றவர். போதுமா ஐயா?

3 பிப்ரவரி, இரவு 10.15: பதில்

போதாது. வேக்குவத்துக்கு இழுவிசை உண்டு, வழி கிடையாது. பெட்டியின்மேல் நிமிடத்துக்கு 3,500 லிட்டர் என்று போட்டிருந்தாலும், ஹோஸும் பையும் வடிகட்டியும் சேர்ந்தபின் அதில் ஒரு பகுதிதான் மிஞ்சும். இந்த அளவுப் பிளேனருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று ஓட வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 100 மில்லிமீட்டர் குழாயில் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்றை ஓட்டினால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். அந்த வேகம் குறைந்தால் சீவல் பறப்பதை விட்டுவிட்டுக் குழாயின் அடியில் படுத்துக்கொள்ளும்.

காற்றை விடுங்கள், சீவலின் கனஅளவைப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் அகலமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள பலகையில் 1 மில்லிமீட்டர் எடுத்தால் 480 கன சென்டிமீட்டர் மரம், அதாவது அரை லிட்டர். சீவலானதும் அது ஐந்து மடங்காகும் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை லிட்டர். நிமிடத்துக்கு 8 மீட்டர் நகரும் இயந்திரத்தில் இந்த இரண்டரை லிட்டரும் 18 வினாடியில் வெளியே வந்து விழுகிறது. அதை 36 மில்லிமீட்டர் துளைக்குள் அனுப்புவது, பெருமழை நாளில் கூரைத் தண்ணீர் முழுவதையும் உறிஞ்சுகுழல் வழியாக இறக்கப் பார்ப்பதைப் போன்றது.

4 பிப்ரவரி, மாலை 5.30

ஐந்து மடங்கு என்று நேற்று எழுதியது ஊகம். இன்று அளந்துவிட்டேன். 150 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள மெராந்தித் துண்டை 1 மில்லிமீட்டராக ஐந்து முறை ஓட்டினேன். கழிந்த மரம் 0.9 லிட்டர். பொறுக்கிய சீவலை அமுக்காமல் 10 லிட்டர் வாளியில் கொட்டினால் விளிம்புக்கு இரண்டு விரல்கடை குறைய நின்றது. ஆக ஐந்து மடங்கு இல்லை, பத்து மடங்கு. நேற்றைய இரண்டரை லிட்டரை ஐந்து லிட்டர் என்று திருத்திப் படியுங்கள். என் பிளேனரில் நேர்க் கத்தி இருப்பதால் சுருள் நீளமாக வருகிறது. சிறுசிறு கார்பைடு வில்லைகள் பதித்த உருளையாக இருந்தால் சீவல் பொடிசாக விழும், இவ்வளவு உப்பாது, குழாயிலும் அடைக்காது.

9 பிப்ரவரி, இரவு 8.50

இவ்வளவு உறுதியாகச் சொல்ல என்ன அனுபவம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன், வெட்கத்தோடுதான்.

நான் முதலில் எதையுமே பொருத்தாமல் பிளேனரைப் பின்வாசலில் வைத்து, சீவலை வெளியே பறக்கவிட்டு, பிறகு பெருக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நம் ஊரில் குளிர்நாடுகளைப்போல் சூடேற்றிய காற்றை வீட்டுக்குள் அடைத்து வைக்க வேண்டிய தேவை இல்லாததால் அது புத்திசாலித்தனமாகவே பட்டது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டு அக்கா பட்டுப் புடவைகளை அலசி நிழலில் உலர்த்தியிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நாலு பலகை முடித்துக் காதடைப்பானைக் கழற்றியபோதுதான் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. மயில்கழுத்து நிறப் புடவை ஒன்றின் சரிகைக் கரை முழுக்கச் செங்கால் மரத்தின் மஞ்சள் சுருள்கள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு, இழையில் கொக்கி போட்டுத் தொங்கின. உதறினால் நூல் இழுக்கும் என்று அவர் என்னைத் தொடவிடவில்லை. நானும் என் மனைவியும் அவருடைய கூடத்தில் உட்கார்ந்து, இரவு பத்து மணிவரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தோம். மறுநாளே 1 குதிரைத்திறன் தூசு உறிஞ்சி ஒன்றை வாங்கினேன். வீட்டு வேக்குவம் இல்லை, பட்டறைக்கென்றே உள்ள, அகலக் குழாயும் பெரிய விசிறியும் கொண்ட இயந்திரம்.

இன்னொரு காரணமும் உண்டு. சீவலை உடனுக்குடன் அகற்றாவிட்டால், அது வெளியேற்றும் உருளைக்கு அடியில் சிக்கி, இழைத்த முகத்திலேயே அழுந்தும். அந்தத் தழும்பு அப்போது கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் பூசிய பிறகு, யாரோ விரல்நகத்தால் அழுத்திப் பார்த்ததைப்போல் பலகை நெடுகத் தெரியும். கத்தி மழுங்கிவிட்டது என்று எண்ணி இரண்டு முறை கத்தியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கத்தியின்மேல் குற்றமே இல்லை.

11 பிப்ரவரி, காலை 11.00

சீனப் புத்தாண்டு என்பதால் நேற்றும் இன்றும் இயந்திரத்தைத் தொடவில்லை. அடுத்த பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தார், வந்த அதிர்ஷ்டத்தைக் கூட்டித் தள்ளிவிடக் கூடாதென்று முதல் நாள் வீட்டைப் பெருக்குவதில்லை. அவர்களுக்குப் பெருக்கும் வேலையை நான் தரக்கூடாது அல்லவா?

சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு பதில். வேக்குவத்துக்கும் பிளேனருக்கும் நடுவில் மூடியிட்ட வாளி வைத்தால் சீவல் வாளியிலேயே விழுந்துவிடுமே என்று ஒரு நண்பர் கேட்கிறார். விழும். ஆனால் ஹோஸ் அடைத்துக்கொண்ட நொடியில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வேக்குவம் அடைபட்டால் 20 கிலோபாஸ்கல்வரை இழுக்கும். 30 சென்டிமீட்டர் மூடியின்மேல் அது 140 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். என் பெயிண்ட் வாளி, காலால் மிதித்த பால் டின்னைப்போல் நெளிந்துபோனது. தூசு உறிஞ்சியோ 2 கிலோபாஸ்கல் அளவில்தான் இழுக்கும். 50 சென்டிமீட்டர் மூடியில் 40 கிலோ. அதையும் மெல்லிய குப்பைத்தொட்டி தாங்காது, தடித்த பிளாஸ்டிக் டிரம் தாங்கும்.

12 பிப்ரவரி, காலை 7.20

இரவு படுத்தபின் ஒரு விட்டுப்போன விஷயம் நினைவுக்கு வந்தது, 3ஆம் தேதி எழுதியதை ஓரளவு மாற்ற வேண்டும். சில பிளேனர்களுக்குள்ளேயே விசிறி உண்டு. அது சீவலை இழுப்பதில்லை, தானே வெளியே தள்ளுகிறது. அப்படிப்பட்டதற்கு வேக்குவமும் வேண்டாம், தூசு உறிஞ்சியும் கட்டாயமில்லை. 100 மில்லிமீட்டர் ஹோஸை நேரே டிரம்முக்குள் விட்டு, மூடிக்குப் பதிலாகத் துணிப்பையைக் கவிழ்த்துக் கட்டினாலே சீவல் தங்கும், காற்று துணி வழியாக வெளியேறும். காற்றுப் போக வழியில்லாமல் மூடியை இறுக்கி அடைத்தால் மட்டும் சீவல் வந்த வழியே திரும்பும். கேட்ட தம்பி, உங்கள் இயந்திரத்தில் விசிறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளியேற்றும் வாயில் கையை வைத்தால் பலகை இல்லாதபோதும் காற்று அறையும். வாய்க்கு வெளியே வையுங்கள், உள்ளே விடாதீர்கள்.

17 பிப்ரவரி, இரவு 9.30

விசிறி இல்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். அப்படியானால் தூசு உறிஞ்சிதான்.

வேலை முடிந்து அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் அங்கே பயன்படுத்திய தூசு உறிஞ்சியை இலவசமாகத் தருகிறாராம், 110 வோல்ட் மின்மாற்றி போட்டு ஓட்டலாமா என்பது அடுத்த கேள்வி. ஓடும், ஆனால் அதே வேகத்தில் ஓடாது. மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர அலைவெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. தூண்டல் மோட்டாரின் வேகம் அலைவெண்ணைப் பொறுத்தது என்பதால், அங்கே நிமிடத்துக்கு 3,450 சுற்று சுற்றிய விசிறி இங்கே 2,850 சுற்றுதான் சுற்றும். காற்றின் அளவு சுற்றுவேகத்துக்கு ஏற்பக் குறையும். இழுவிசை அதன் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஆக, காற்றில் ஆறில் ஒரு பங்கு போகிறது, இழுவிசையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போகிறது. குழாய் குட்டையாக இருந்தால் சமாளிக்கலாம், மூன்று வளைவு வைத்து ஆறு மீட்டர் இழுத்தால் முடியாது. பிளேனரின் மோட்டார் கரித்தூரிகை வகை என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்கு வோல்ட் சரியாக இருந்தால் போதும்.

இலவசமாக வந்த யானைக்குத் தீனி வாங்கிய கதையாகிவிடும். மின்மாற்றியின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

25 பிப்ரவரி, மாலை 6.10

குழாய் இணைப்பைப் பற்றி ஒரு முறை புலம்பிவிடுகிறேன். தூசு உறிஞ்சியின் வாய் 100 மில்லிமீட்டர் என்பார்கள், ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் 4 அங்குலப் பிவிசி குழாய் என்று வாங்கினால் அதன் வெளிவிட்டம் 110ஐத் தாண்டும், பிளேனரின் வாய் வேறொரு அளவில் இருக்கும். நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் பழைய லாரி ட்யூபை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, இரண்டு வாயின்மேலும் உறைபோல் மாட்டி, இரு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினேன். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் காற்று கசியவில்லை.

நெளிவு ஹோஸ் வேண்டிய அளவுக்கு மட்டும் வையுங்கள். உட்புறம் வரிவரியாக இருப்பதால், அதே நீள வழவழப்பான குழாயைவிட இரண்டு மூன்று மடங்கு இழுவிசையைத் தின்றுவிடும்.

2 மார்ச், இரவு 9.00

இரண்டு இயந்திரத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடலாமா? 13 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 2,990 வாட் வரும். பிளேனர் 1,800, தூசு உறிஞ்சி 750, இரண்டும் சேர்ந்து 2,550. கணக்குப்படி உள்ளேதான் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்து, சக்கரத்தில் சுற்றிய வயரைப் பாதி மட்டும் இழுத்து ஓட்டினேன். அரை மணி நேரம் கழித்துப் பிளாஸ்டிக் எரியும் வாசனை வந்தது. சுற்றியிருந்த வயரைத் தொட்டால் இட்லிப் பானை மூடிபோல் சுட்டது, உள்சுற்றில் ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சக்கரத்தின் பக்கவாட்டிலேயே, சுருட்டியிருந்தால் ஓர் அளவு, முழுதும் பிரித்தால் ஓர் அளவு என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பதை அதன்பிறகுதான் படித்தேன். சீவல் குவிந்த தரையில் அது நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டுக்கும் சுவரில் தனித்தனி இணைப்பு கொடுங்கள். முதலில் தூசு உறிஞ்சியைப் போட்டு, அது முழுவேகம் எட்டிய பிறகு பிளேனரைப் போடுங்கள். அணைக்கும்போது பிளேனரை முதலில்.

3 மார்ச், காலை 8.05

தீ பற்றி எழுதியதால் இதையும். லின்சீடு (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைச் சீவல் டிரம்மில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது தானே சூடாகும், சீவல் அந்தச் சூட்டை வெளியே விடாது. நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

9 மார்ச், இரவு 10.40

இதுவரை எழுதியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சீவலைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது; மூக்கு, சைனஸ் பகுதிகளைத்தான் அது முக்கியமாகத் தாக்குகிறது. அதற்காகப் பிளேனரை விற்றுவிட வேண்டாம். மரவேலை இயந்திரங்களில் பிளேனர் நல்ல பிள்ளை. தேய்க்கும் இயந்திரம் விடும் நுண்தூளில் சிறு பங்கைத்தான் அது விடுகிறது.

ஆனால் அந்தச் சிறு பங்கு எங்கே போகிறது? என் தூசு உறிஞ்சியோடு வந்த துணிப்பை 30 மைக்ரான் வகை, அதற்கும் பெரிய தூளைத்தான் பிடிக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுரையீரலின் ஆழத்துக்குப் போவது 10 மைக்ரானுக்கும் கீழே உள்ள தூள். 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டபோது நாமெல்லாம் சன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதே மாதிரி நுண்துகளைக் காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தால் நானே என் முகத்தின் உயரத்தில் ஊதிக்கொண்டிருந்தேன். நம்பாதவர்கள் இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, இயந்திரத்தை ஓட்டி, பையின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்தபோது சாம்பிராணி போட்டதுபோல் பை முழுவதும் புகைந்துகொண்டிருந்தது.

1 மைக்ரான் மடிப்பு வடிகட்டி வாங்கி மாட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

10 மார்ச், மதியம் 1.15

ஒரு முட்டாள்தனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணிப்பை இருந்த காலத்தில், சுத்தமாக இருந்தால் நன்றாக வடிகட்டும் என்று நினைத்து அதைத் துவைத்துப் போட்டேன். அடுத்த வாரம் பட்டறையில் தூசு முன்னைவிட மோசமாக இருந்தது. துணியின் கண்களில் படிந்திருந்த பழைய தூள்தான் புதிய தூளைத் தடுத்துவந்திருக்கிறது, அதை நான் சோப்புப் போட்டு அலசிவிட்டேன். உதற வேண்டும், துவைக்கக் கூடாது. மழையிலும் நனையவிடக் கூடாது. டிசம்பர் மழையில் ஒரு முறை சாரலில் நனைந்த பை, உள்ளே இருந்த சீவலோடு சேர்ந்து பூசணம் பிடித்து, திறந்தால் ஊறிய கோணிச்சாக்கு நாற்றம் அடித்தது.

16 மார்ச், இரவு 9.45

9ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். வடிகட்டி வாங்கியதோடு சிக்கல் தீர்ந்துவிட்டதுபோல் எழுதியிருக்கிறேன். தீரவில்லை. நான் அதிகமாகத் தும்மியது இயந்திரம் ஓடும்போது இல்லை, பையைக் கழற்றிக் கொட்டும்போது. பத்து நிமிட வேலைதான், ஆனால் ஒரு மாதத் தூளும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் முகத்துக்கு நேரே எழும்புகிறது.

தூசு உறிஞ்சிக்கு முன்னால் டிரம் வைப்பதன் உண்மையான பயன் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சீவல் விசிறியில் அடிபடாமல், பக்கவாட்டில் நுழைந்து, சுவரோரமாகச் சுழன்று டிரம்முக்குள் விழுந்துவிடுகிறது. நுண்தூள் மட்டும் காற்றோடு பைக்குப் போகிறது. டிரம்மை வாரம் ஒரு முறை கொட்டுகிறேன், அதில் உள்ளது பெரும்பாலும் சுருள் என்பதால் எழும்புவது குறைவு. பையைத் திறப்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். அன்றைக்கு மட்டும், கோவிட் காலத்தில் மிச்சமான என்95 முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று திறக்கிறேன்.

டிரம் நிறைந்ததைக் கவனிக்காவிட்டால் மட்டும் எல்லாச் சீவலும் நேரே பைக்கு ஏறிவிடும். எனக்கு இரண்டு முறை நடந்தது. டிரம்மின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டு அக்ரிலிக் தகடு ஒட்டியிருக்கிறேன்.

23 மார்ச், காலை 10.30

இத்தனை சீவலை என்ன செய்வது? பை கட்டிக் குப்பையில் போட்டால் எரியுலைக்குப் போகும், சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வேலை செய்பவர்கள் தளர்வாகக் குப்பைக் குழாயில் கொட்டிவிடாதீர்கள். வாயை இறுகக் கட்டிய பையில் போடுங்கள்.

எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் இரண்டு மூட்டை கேட்டார்கள், கொடுத்தேன். மண்ணோடு கலந்துவிட்டார்கள், வெண்டைச் செடிகள் வெளுத்துப்போயின. மக்காத புதுச் சீவல் மண்ணுக்குள் மக்கும்போது அங்கே இருக்கும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். மேலே மூடாக்காகப் பரப்பினால் பரவாயில்லை என்று சொன்னேன். தோட்டத்துத் தாத்தா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. முயல் வளர்க்கும் பிள்ளைகள் கேட்டால் நான் கொடுப்பதில்லை. தேக்கு, செங்கால், பசை தடவிய பலகை என்று எல்லாம் கலந்து கிடக்கும் சீவலில் ஓர் உயிரைப் படுக்கவைக்க மனம் வரவில்லை.

30 மார்ச், இரவு 8.20

தம்பி உள்ளூரிலேயே 1 குதிரைத்திறன் தூசு உறிஞ்சியும் நீல டிரம்மும் வாங்கிப் பொருத்திவிட்டாராம். ஆனால் டிரம்மில் ஒன்றும் விழவில்லை, எல்லாம் பைக்கே போகிறது, இழுவையும் பலவீனமாக இருக்கிறது என்கிறார். படம் அனுப்பச் சொன்னேன். படத்தைப் பார்த்ததும் தெரிந்தது: கொட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று டிரம்முக்குள் கறுப்புக் குப்பைப் பையை விரித்திருக்கிறார். உள்ளே காற்றழுத்தம் குறைவதால் அந்தப் பை பலூனைப்போல் மேலே எழும்பி வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. பையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கொட்டும்போது பையை டிரம்மின் வாயில் மாட்டிக் கவிழ்த்துக்கொள்ளலாம்.

31 மார்ச், மாலை 4.50

சரியாகிவிட்டதாம். நான்கு பலகை இழைத்தபின் டிரம்மில் முக்கால், பையில் ஒரு பிடி. தரையில் விழுந்ததை அவருடைய அம்மா பெருக்க வந்து, பெருக்குவதற்கு ஒன்றும் இல்லையே என்று முறத்தோடு திரும்பிப் போனாராம்.